வாளும் சொசேஜும்: விரல் காத்த ஒரு மெசினின் கதை

மரவேலை செய்கிற பழைய ஆட்களுக்குக் கை குடுக்கும்போது கவனித்துப் பாருங்கள். யாராவது ஒருவருக்குப் பெருவிரல் நுனி இருக்காது, இல்லாவிட்டால் சுட்டுவிரல் கட்டையாக இருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, வெள்ளைக்காரரும் சரி, எங்கட ஆட்களும் சரி, ஒரே பதில்தான் சொல்லுவினம்.

"அது என்ர பிழைதான் தம்பி. கொஞ்சம் கவனமா இருந்திருக்க வேணும்."

இந்தக் "கவனமா இருந்திருக்க வேணும்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் கிடக்கு. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணியோடு வந்து இருங்கோ.

ரெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிற எனக்கும் மரம் அரிகிற வாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கட ஊர் அண்ணை ஒருவர் இங்கே ஸ்காபுறோவில் குசினிக் கபினற் செய்கிற ஒரு பட்டறையில் வேலை செய்தவர். 2011ல் அவருடைய இடக்கையில் இரண்டு விரல் போனது. வந்து மூன்று வருசம்கூட ஆகவில்லை, அகதி வழக்கும் முடியவில்லை. மூன்றாம் மாதமே திரும்பவும் அதே பட்டறைக்கு வேலைக்குப் போனார். பிறகு தானே தனியாக பேஸ்மென்ற் வேலைகள் எடுத்துச் செய்யத் தொடங்கினபோது, சொந்தமாக ஒரு ரேபிள் சோ வாங்க வேண்டும், நீ கொஞ்சம் வாசிச்சுப் பார்த்துச் சொல்லு என்று என்னைக் கேட்டார். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவன் என்பது அவருக்குத் தெரியும். 2006 ஆவணியில் ஏ9 பூட்டுப்பட்டதோடு என்ர படிப்பும் பூட்டுப்பட்டது என்பதும் தெரியும். அரைவாசிப் படிப்பு அரைவாசி விரலுக்குக் காணும் என்று நினைத்தாரோ என்னவோ.

வாசிக்கத் தொடங்கினவன் கன நாளாக நிறுத்தவில்லை.

ரேபிள் சோ என்பது ஒரு மேசை. நடுவில் ஒரு வெட்டு. அதற்குள்ளால் ஒரு வட்டவாள் மேலே எட்டிப் பார்த்தபடி சுழலும். மரத்தை நாங்கள் கையால் தள்ளுகிறோம். பத்து அங்குல வாள் நிமிடத்துக்கு 4,000 தரம் சுற்றினால், அதன் பல்லின் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 190 கிலோமீற்றர். கையைக் கொண்டுபோய் வாளில் வைக்கிற விசரன் ஒருவரும் இல்லை. கன விபத்துகள் நடக்கிற விதம் வேறு. அரிந்துகொண்டு போகும்போது மரம் தன் உள் இறுக்கத்தால் பின்பக்கம் மூடி வாளைக் கவ்வும். வாளின் முன்பல் கீழே இறங்குகிறது, பின்பல் மேலே எழும்புகிறது. கவ்விய மரத்தைப் பின்பல் தூக்கி உங்களைப் பார்த்து எறியும். மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை, தள்ளிக்கொண்டிருந்த கை மட்டும் முன்னால் போகும். இதற்குக் கண் மூடித் திறக்கிற நேரம்கூடத் தேவையில்லை. இதில் எங்கே இருக்கிறது கவனம்?

வட்டவாள் எப்போது வந்தது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு அழகான கதை சொல்லுவார்கள். மசாசூசெற்சில் ஷேக்கர் என்ற மதக்குழுவில் இருந்த தபிதா பாபிற் என்ற பெண், இரண்டு ஆண்கள் இழுவாள் இழுப்பதைப் பார்த்தாராம். முன்னுக்கு இழுக்கும்போதுதான் மரம் அரிபடுகிறது, பின்னுக்கு இழுப்பது வீண் சக்தி என்று யோசித்து, தன் நூல் நூற்கிற ராட்டில் ஒரு தகரத் தட்டைப் பூட்டிப் பார்த்தாராம். 1810களில் நடந்ததாகச் சொல்வது. கதை நல்லாயிருக்கு. ஆனால் இங்கிலாந்தில் சவுதாம்ரன் ஊரைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் வட்டவாளைக் குறிப்பிட்டுக் காப்புரிமை வாங்கியது 1777ல். 1800களின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் புரூனல் வடிவமைத்த கப்பித் தொழிற்சாலையிலும் வட்டவாள்கள் நீராவியில் ஓடின. நெப்போலியனுடைய காலத்துக் கப்பல்களுக்குக் கப்பி செய்த வாள்கள் அவை.

வாள் வந்து கன காலத்துக்குப் பிறகுதான் வாளுக்கு மூடி வந்தது. இங்கிலாந்தில் 1844ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் நெசவாலை மெசின்களுக்கு வேலி போடச் சொன்னது. அமெரிக்காவில் முதல் தொழிற்சாலைப் பரிசோதனைச் சட்டம் 1877ல் மசாசூசெற்சில் வந்தது (இந்த மாநிலத்தின் பெயரை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்). பிரித்தானியர் 1922ல் மரவேலை மெசின்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தார்கள். வட்டவாளுக்கு மேலே மூடி இருக்க வேண்டும், வாளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு நிற்க வேண்டும். இந்தத் தகட்டைத்தான் றைவிங் நைவ் என்கிறார்கள். அரிந்த மரம் பின்னால் மூடாமல் பிரித்துப் பிடிக்கிற சின்னத் தகடு. மேலே நான் சொன்ன எறிவைத் தடுப்பது இதுதான். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

எங்கட நாட்டுக்கும் இதன் வால் வந்தது. இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான மெசின்களுக்கு வேலி கேட்கிறது. சின்ன வயதில் நான் மரக்காலைக்கு அப்பாவோடு போனபோது பார்த்த வாள் வெறும் மேலோடுதான் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டம் கொழும்பில் இருந்திருக்கும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே ரேபிள் சோ தொழிற்சாலையை விட்டு வீட்டுக் கராஜுக்குள் வந்தது. டெல்ரா கொம்பனியின் யூனிசோ என்ற வாள் 1930களின் கடைசியில் வந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு மரவேலைக்காரரின் கனவுப் பொருளாக இருந்தது. தொழிற்சாலையில் பரிசோதகர் வருவார், கராஜுக்குள் யார் வருவது? அமெரிக்க வாள்களில் மூடியும் பிரிதகடும் ஒரே துண்டாக வந்தன. மரத்தில் தவாளிப்பு வெட்ட வேண்டுமென்றால் முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றினது கழற்றினதுதான், பிறகு சுவரில் தொங்கும். பிபிஎஸ் தொலைக்காட்சியில் 1989 முதல் 2009 வரை ஓடிய நியூ யாங்கி வேர்க்ஷொப் நிகழ்ச்சியில் நோர்ம் ஏப்ரம் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் தொடங்க மாட்டார், கண்ணாடி போடச் சொல்லுவார். ஆனால் கன நேரம் அவருடைய வாளிலேயே மூடி இராது, கமராவுக்குத் தெரிவதற்காகக் கழற்றியிருப்பதாகச் சொல்லுவார்கள். பிரித்தானியாவில் 1922ல் கேட்ட றைவிங் நைவ் அமெரிக்காவின் புது வாள்களில் பொதுவாக வந்தது 2000களின் பிற்பகுதியில்தான். எண்பது வருசத்துக்கு மேல்!

(இதைப் படித்தபோது எனக்கு எங்கட குசினி ஸ்லைசர்தான் ஞாபகம் வந்தது. இறைச்சி சீவுகிற அந்த மெசினைக் கண்டுபிடித்தவர் றொட்டர்டாம் ஊர் இறைச்சிக் கடைக்காரர் வில்ஹெம் வான் பேர்க்கல், 1898ல். அதுவும் வட்டக் கத்திதான். நான் கனடா வந்து முதல் வேலை செய்த ஒரு கடையில், பேர் வேண்டாம், அதன் மூடியைக் கழற்றி மேல் தட்டில் வைத்திருந்தார்கள். கழுவுகிற நேரம் மிச்சமாம். புதிதாக வந்த பெடியளுக்குச் சொல்லப்பட்ட ஒரே பயிற்சி, "கவனமா செய்.")

இப்போது கதையின் முக்கிய ஆளுக்கு வருவோம். ஸ்ரீபன் காஸ். ஒறிகன் மாநிலத்துக் காப்புரிமை வழக்கறிஞர். அதற்கு முதல் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். பொழுதுபோக்குக்கு மரவேலை. 1999ல் தன் பட்டறையில் நின்று ரேபிள் சோவைப் பார்த்தபோது, விரல் பட்டவுடன் இதை நிறுத்த முடியுமா என்று கணக்குப் போட்டார். 

அவர் எடுத்த வழி இதுதான். வாளுக்கு ஒரு சிறிய மின்சைகையைக் குடுத்து வைக்கிறது. மரம் பட்டால் அந்தச் சைகையில் பெரிய மாற்றம் இல்லை. மனித உடம்புக்கு மின் கொள்ளளவம் இருக்கிறது, உடம்பில் கன தண்ணியும் உப்பும். விரல் பட்டவுடன் சைகை சட்டென்று விழும். தொட்டால் எரிகிற மேசை விளக்குகள் இருக்கே, அதே தத்துவம். சைகை விழுந்ததும் ஒரு மெல்லிய கம்பி மின்சாரத்தால் உருகும். அந்தக் கம்பி ஒரு சுருள்வில்லைப் பிடித்து வைத்திருந்தது. வில்லு விடுபட்டு ஒரு அலுமினியக் கட்டையை வாளின் பற்களுக்குள் தள்ளும். பல் அலுமினியத்துக்குள் புதைந்து வாள் நிற்கும். அதன் கோண உந்தமே வாளை மேசைக்குக் கீழே இழுத்துவிடும். எல்லாம் 5 மில்லிசெக்கனுக்குள். நான் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முழு வேகத்தில் ஓடினால்கூட அந்த நேரத்தில் வாள் மூன்றில் ஒரு சுற்றுத்தான் சுற்றும். கொள்ளளவத்தை இப்படி ஒரு உதாரணத்தோடு படிப்பித்திருந்தால் நாங்கள் எல்லோரும் நித்திரை கொள்ளாமல் இருந்திருப்போம்.

சோதிக்க என்ன செய்வது? ஹொட்டோக் சொசேஜ் ஒன்றை எடுத்து வாளில் தள்ளினார். வாள் நின்றது, சொசேஜில் ஒரு கீறல். ஆனால் சொசேஜ் விரல் இல்லையே. 2000ஆம் ஆண்டு கையில் விறைப்பு மருந்து போட்டு, தன் சொந்த விரலை ஓடுகிற வாளுக்குள் தள்ளினார். இரத்தம் வந்தது, விரல் இருந்தது. அந்த வருசம் ஓகஸ்ட்டில் அற்லான்ராவில் நடந்த பெரிய மரவேலைக் கண்காட்சியில் சொசேஜ் வைத்துச் செய்து காட்டினார்கள். சனம் மொய்த்தது. 2001ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே அவருக்குப் பாராட்டுப் பத்திரம் குடுத்தது.

இனி எல்லாக் கொம்பனியும் ஓடி வந்து வாங்கியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? காஸும் அப்படித்தான் நினைத்தார். அவருக்கு வாள் செய்கிற எண்ணமே இல்லை, உரிமையை விற்கிற எண்ணம்தான். 2002ல் றியோபி கொம்பனியோடு ஒப்பந்தம் கையெழுத்துக்குக் கிட்ட வந்தது. வாளின் மொத்த விலையில் நூற்றுக்கு 3 பங்கு, மற்றக் கொம்பனிகளில் பெரும்பகுதி சேர்ந்தால் 8 பங்கு வரை. பிறகு வார்த்தைப் பிழை, வழக்கறிஞர், கடிதம் என்று இழுபட்டுச் செத்துப்போனது. மற்றக் கொம்பனிகளும் கையை விரித்தன. செலவு கூடும், பிழையாக வெடிக்கும், வாள் பழுதாகும் என்பது வெளியில் சொன்ன காரணங்கள். உள்ளே வேறு ஒரு பயம் இருந்ததாகக் காஸ் சொல்லிவந்தார். ஒரு வாளில் இதைப் பூட்டி விற்றால், பூட்டாத மற்ற வாளில் விரல் போனவன் கோட்டுக்கு வந்து கேட்பானே!

எனக்கு இது நல்லா விளங்குகிறது. ஒரு ஆபத்துக்கு மருந்து இல்லாதவரை அது விதி. மருந்து வந்த நாளிலிருந்து அது ஒருவருடைய குற்றம்.

ஒருவரும் வாங்காததால் காஸும் கூட்டாளி வழக்கறிஞர்களும் தாங்களே சோஸ்ரொப் என்ற பேரில் வாள் செய்ய இறங்கினார்கள். தாய்வானில் செய்வித்து, 2004ன் கடைசியில் முதல் வாள்களை அனுப்பினார்கள். அதற்கு முதலே, 2003ல், எல்லா ரேபிள் சோவிலும் இப்படி ஒரு பாதுகாப்பு கட்டாயம் வேண்டும் என்று அதே ஆணையத்துக்கு மனுப் போட்டார். இந்த இடத்தில்தான் நல்லவர் கெட்டவர் கதை குழம்புகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு, என்ர பொருளைச் சட்டத்தால் கட்டாயமாக்கு என்று கேட்கிறவரை என்னவென்று சொல்வது? மரவேலைக்காரரிலேயே பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். எனக்கும் அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் 3 பங்குக்குக் குடுக்கிறேன் என்று அவர் முதலில் எல்லாக் கதவையும் தட்டினார் என்பதையும் மறக்க ஏலாது.

இனி மசாசூசெற்ஸ். கொலம்பியாவில் இருந்து வந்த ஒரு தொழிலாளி. தளத்துக்குப் பலகை பதிக்கிற வேலை. முதலாளி வாங்கி வைத்திருந்தது 200 டொலருக்கும் குறைந்த ஒரு றியோபி வாள். கை வெட்டுப்பட்டது. பல சத்திரசிகிச்சை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையில் அடிபட்டால் நட்டஈட்டுத் திட்டம் இருக்கு, அதற்குப் பதிலாக முதலாளியைக் கோட்டுக்கு இழுக்கிற உரிமை போய்விடும். (ஒன்ராறியோவில் நீதியரசர் மெரடித் 1913ல் எழுதிய அறிக்கையின்படி வந்த பேரம் இது, 1915ல் நடைமுறைக்கு வந்தது. எங்கட அண்ணைக்குக் கிடைத்த காசும் இந்த வழியால் வந்ததுதான்.) ஆனால் மெசின் செய்தவன் முதலாளி இல்லையே. அந்த மனிதர் வாள் செய்த கொம்பனிமேல் வழக்குப் போட்டார். இப்படி ஒரு தொழில்நுட்பம் இருப்பது தெரிந்தும் பூட்டாமல் விற்றது வடிவமைப்புக் குறை என்பது வாதம். காஸே நிபுணர் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். 2010ல் பொஸ்ரன் யூரிகள் 15 லட்சம் டொலர் குடுக்கச் சொன்னார்கள். அவரிலும் கவனக்குறைவு இருந்தது என்று யூரிகளே சொல்லிக்கொண்டுதான் குடுத்தார்கள். 2011ல் மேல்நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

இந்தத் தீர்ப்பை நான் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப அவனிலயும் பிழை, வாளிலயும் பிழையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "ரெண்டு பேரிலயும் பிழை இருக்கலாம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

வாள் வாங்கப் போன கதையையும் சொல்ல வேணும். முதலில் போனது ஒரு பெரிய கடை. காட்சிக்கு வைத்திருந்த வாளில் மூடியே இல்லை. றைவிங் நைவ் எது என்று கேட்டதற்கு அங்கே நின்ற பெடியன் வாளையே காட்டினான். அவனைக் குறை சொல்லி என்ன, போன கிழமை பெயின்ற் பகுதியில் நின்றிருப்பான். அடுத்தது மரவேலைச் சாமான் மட்டும் விற்கிற ஒரு சின்னக் கடை. அங்கே ஒரு வயசான வெள்ளைக்காரர். அண்ணையின் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, நேராக சோஸ்ரொப் இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பத்து விரல் உள்ளவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள்" என்று சிரித்தார்.

அந்த மனிதர் குறைகளை மறைக்கவில்லை. ஒருக்கா வெடித்தால் பிரேக் பெட்டியும் போச்சு, வாளும் போச்சு. பெட்டி மட்டுமே நூறு டொலர் அளவில். ஈரமான மரம், முக்கியமாக இங்கே டெக் கட்டப் பாவிக்கிற மருந்தூட்டிய பச்சைப் பலகை, சில நேரம் விரல் என்று நினைத்து வெடிக்க வைக்கும். ஆணியோ அலுமினியமோ வாளில் பட்டாலும் அப்படித்தான். அதற்கென்று பாதுகாப்பை நிறுத்தி வைத்து அரிகிற வசதியும் இருக்கு, ஆனால் நிறுத்தினால் அதுவும் சாதாரண வாள்தான். உண்மையிலேயே விரல் பட்டு வெடித்தால், வெடித்த பெட்டியைக் கொம்பனிக்கு அனுப்பினால் உள்ளே பதிவாகியிருப்பதைப் பார்த்துவிட்டுப் புதுப் பெட்டி சும்மா தருவார்கள் என்றும் சொன்னார்.

2015ல் வந்த, கையால் தள்ளிக்கொண்டு போகிற சின்ன வாளுக்கே அமெரிக்க விலை 1,299 டொலர். பக்கத்துக் கடையில் 300க்கும் வாள் இருந்தது. நான் தயங்கினேன். அண்ணை தன் கையை விரித்துக் காட்டினார்: "விலையை எட்டால பிரிச்சுப் பார் தம்பி."

வாங்கிக்கொண்டு வந்தோம். வாகனத்தில் ஏற்றத்தான் பெரும் பாடு.

போட்டி வந்தால் விலை இறங்கும் என்றுதானே பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வது. போட்டியும் வந்தது. பொஷ் கொம்பனி றீயக்ஸ் என்று ஒரு வாள் கொண்டுவந்தது. எயார்பாக் மாதிரி ஒரு வாயுக்குப்பி வெடித்து வாளைக் கீழே தள்ளும், வாள் பழுதாகாது. சோஸ்ரொப் காப்புரிமை வழக்குப் போட்டது. 2017 தையில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அந்த வாளை இறக்குமதி செய்யத் தடை போட்டது. விரலைக் காப்பாற்றுகிற ஒரு மெசின், விரலைக் காப்பாற்றுகிற இன்னொரு மெசினைக் கடையிலிருந்து எடுப்பித்தது. அதே வருசம் காஸ் தன் கொம்பனியை பெஸ்ரூல் வாள்களின் தாய்க் கொம்பனியான ஜேர்மன் நிறுவனத்துக்கு விற்றார்.

2003ல் போட்ட மனு என்னவானது? ஆணையம் 2011ல் முதல் அறிவித்தல் விட்டது. 2017ல் விதியின் வரைவை வெளியிட்டது. அந்த வரைவில் இருந்த கணக்கு: 2015ல் மட்டும் அமெரிக்காவில் ரேபிள் சோ வாளில் பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த காயங்கள் ஏறத்தாழ 30,800. அதில் உறுப்பே துண்டாகிப் போனவை 4,700 அளவில். அதாவது ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல். அவர்களில் எத்தனை பேர் எங்களைப்போல வந்து சேர்ந்தவர்கள் என்று அந்த வரைவு பிரித்துச் சொல்லவில்லை. கொம்பனிகளின் சங்கம் பழைய வாதங்களையே திரும்பவும் வைத்தது: விலை, வேலை, ஒருத்தனுடைய காப்புரிமை. கடைசி வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

2023ல் ஆணையம் வரைவைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. 2024 மாசியில் நடந்த விசாரணையில் சோஸ்ரொப் தலைவர் வந்து, போட்டிக் கொம்பனிகளுக்குத் தடையாக நின்ற முக்கியமான ஒரு காப்புரிமையை எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடுகிறோம் என்றார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: விதி நடைமுறைக்கு வர வேண்டும்.

நான் இதை எழுதும் வரை வரவில்லை.